முளை சரியாக இருந்தால்தான் காளை நிற்கும்!



2023 ஜூலை மாதக் கடைசியில் தென்கொரியாவிலிருந்து ஒரு சேதி கிளம்பியது. ஈயம், தாமிரம், பாஸ்பேட் எல்லாம் கலந்து சுட்டெடுத்த சாம்பல் நிறக் கட்டி ஒன்று, பெயர் எல்.கே.-99. அது சாதாரண அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி ஆகிவிட்டதாம். மின்தடை பூஜ்யமாம். விடுவார்களா நம்ம ஆட்கள்? செல்போனுக்குச் செல்போன் தாவியது. இனிமேல் ஈ.பி. லைனில் நஷ்டமே இல்லை, ரயிலெல்லாம் தண்டவாளத்தைத் தொடாமல் பறக்கும் என்று ஆளாளுக்கு ஜோசியம். சில வாரம்தான் தாங்கியது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட உலகத்தில் பல இடங்களில் அதையே செய்து பார்த்தார்கள். மீக்கடத்துதிறன் தென்படவில்லை. கட்டிக்குள் அழுக்காகத் தங்கியிருந்த தாமிர சல்பைடு சுமார் 104 டிகிரி சென்டிகிரேடில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது தடை சட்டென்று இறங்கும். அதைத்தான் அதிசயம் என்று எண்ணிவிட்டார்கள்.

சேதி பொய்யாய்ப் போனதில் எனக்கு வருத்தமில்லை. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்ததில்தான் வருத்தம். "எத்தனை டிகிரியில் மீக்கடத்தி ஆகுது?" அவ்வளவுதான். "அதைக் கம்பியாக இழுக்க முடியுமா? காந்தப்புலத்துக்குள் வைத்தால் எத்தனை ஆம்பியர் தாங்கும்?" என்று யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை. டிப்ளமோ படிக்கிற நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி. ஒரு பொருள் மீக்கடத்தி ஆவது இயற்கை கொடுத்தது. அது உபயோகமான கம்பி ஆவது நுண்ணமைப்பு, அதாவது நம்ம லேப் பாஷையில் மைக்ரோஸ்ட்ரக்சர், கொடுப்பது. நுண்ணமைப்பை உண்டாக்குவது இழுப்பு அச்சும் உலையும் கடிகாரமும். அது நம்ம வேலை.

கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்துவிடலாம். 1911இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர வைத்தார். பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. தடை காணாமல் போனது. மனுஷன் சும்மா இருக்கவில்லை. தடையே இல்லாத கம்பியைச் சுருட்டினால் சூடே ஆகாத மின்காந்தம் கிடைக்குமே, 10 டெஸ்லா எட்டிவிடலாமே என்று 1913 வாக்கில் கணக்குப் போட்டார். ஈயக் கம்பியில் முயற்சி நடந்தது. ஒரு டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கு வருவதற்குள்ளேயே கம்பி பழையபடி வெறும் ஈயமாகிவிட்டது. தன் காந்தப்புலமே தன்னைக் கெடுத்துக்கொண்டது! பெரிய மீக்கடத்திக் காந்தம் என்பது அதன் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம் வெறும் ஆசையாகவே கிடந்தது.

ஈயம், பாதரசம் போன்றவை முதல் வகை மீக்கடத்திகள். நம்ம காங்கேயத்துக் கொறங்காட்டைச் சுற்றி இருக்கிற கிளுவை வேலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தப் பாயத்தை உள்ளே விடவே விடாது. ஆனால் வெளியிலிருந்து நெருக்கினால், ஒரு கட்டத்தில் வேலி மொத்தமாகச் சாய்ந்துவிடும். அப்புறம் வேலியும் இல்லை, காடும் இல்லை.

இரண்டாம் வகை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் கலப்புலோகங்கள். 1930களில் கார்கிவ் நகரத்தில் லெவ் ஷூப்னிகோவ் இதைச் சோதனையில் கண்டார். 1937இல் ஸ்டாலின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டது. இருபது வருஷம் கழித்து, 1957இல், அலெக்சி அப்ரிகோசவ் இதற்கு விளக்கம் எழுதினார். நோபல் பரிசு 2003இல்தான் வந்து சேர்ந்தது. அவர் சொன்னது இது: இரண்டாம் வகையில் வேலி மொத்தமாகச் சாயாது. படலைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே விடும். காந்தப் பாயம் மெல்லிய நூல் நூலாக நுழையும். ஒவ்வொரு நூலைச் சுற்றியும் மின்னோட்டம் சுழலும், நூலின் நடுவில் மட்டும் பொருள் சாதாரண உலோகமாக இருக்கும். மிச்ச இடமெல்லாம் மீக்கடத்தியாகவே நிற்கும். ஒரு நூல் சுமக்கும் பாயம் எல்லாப் பொருளிலும் ஒரே அளவு: 2.07-ஐப் பத்தின் 15 அடுக்கால் வகுத்தால் வரும் வெபர்.

ரொம்பச் சின்ன எண்ணாகத் தெரியுதா? திருப்பிக் கணக்குப் போடுங்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அதில் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. அந்தப் புலத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் 72 கோடி நூல்! 5 டெஸ்லா என்றால் 240 கோடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 22 நானோமீட்டர்தான். நம்ம தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் மூவாயிரம் நூல் வரிசையாக நிற்கும்.

சரி, நூல்கள் உள்ளே வந்துவிட்டன. இனிமேல்தான் வம்பு. கம்பியில் மின்னோட்டம் ஓடுகிறது, குறுக்கே காந்தப்புலம் இருக்கிறது. என்ன நடக்கும்? ஃபிளெமிங் இடது கை விதி! மோட்டார் ரோட்டரைச் சுற்ற வைக்கிற அதே விசை இங்கே பாய நூல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நூல் நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்தால் சூடு. சூடு ஏறினால் மீக்கடத்துதிறன் போச்சு. அதாவது, எந்த அழுக்கும் இல்லாத, எந்தக் குறையும் இல்லாத, பரிசுத்தமான இரண்டாம் வகை மீக்கடத்தியை இந்தப் புலத்தில் வைத்தால் அதில் மின்னோட்டம் கொஞ்சம்கூடத் தடையில்லாமல் ஓடாது. நம்மில் பல பேருக்கு இது தெரியாது. 'மீக்கடத்தி' என்ற பெயரே அந்த இடத்தில் பொய்.

இங்கேதான் முளை வருகிறது. காங்கேயம் மயிலைக் காளையைக் கட்டுத்தரையில் நிறுத்த என்ன செய்கிறோம்? முளை அடித்துத் தும்பு மாட்டுகிறோம். பாய நூலுக்கும் அதே வைத்தியம். நூலின் நடுப்பகுதியைச் சாதாரண உலோகமாக மாற்றி வைத்திருக்க ஆற்றல் செலவாகிறது. ஆனால் பொருளுக்குள் ஏற்கெனவே மீக்கடத்தாத துணுக்கு ஒன்று கிடந்தால், நூல் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். செலவு மிச்சம். அங்கிருந்து கிளப்ப வேண்டுமானால் அந்தச் செலவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அந்தத் துணுக்குதான் முளை. ஆங்கிலத்தில் பின்னிங் என்பது இதைத்தான்.

காளை இழுக்கும் பலத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நையோபியம்–டைட்டானியம் கம்பியில், 4.2 கெல்வினில், 5 டெஸ்லா புலத்தில், அந்தக் கலப்புலோகத்தின் சதுர மில்லிமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 3000 ஆம்பியர் ஓட்டலாம். (மோட்டார் வைண்டிங்கில் காப்பருக்கு நாம் கொடுப்பது நாலு, அஞ்சு ஆம்பியர். தண்ணிக்குள்ளே கிடக்கிற சப்மெர்சிபிள் என்றால் கொஞ்சம் கூட.) 3000-ஐ 5-ஆல் பெருக்கிப் பார்த்தால், ஒரு கன மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன். ஒரு ராகி மணி அளவே உள்ள இடத்துக்குள் ஒன்றரைக் கிலோ எடையின் இழுப்பு. இதை அங்கேயே நின்று தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அந்த முளைகள்தான்.

முளை எப்படி இருக்க வேண்டும்? தடியாக நாலு முளை அடித்தால் நாலு காளைதான் நிற்கும், மிச்சம் ஓடிவிடும். இடமெல்லாம் முளையாக அடித்துவிட்டால் மின்னோட்டம் போக இடம் இருக்காது. இந்தக் கலப்புலோகத்தில் பாய நூலின் நடுப்பகுதி ஏறக்குறைய 10 நானோமீட்டர். ஆகவே முளையும் அந்த அளவை ஒட்டி, அல்லது அதற்கும் மெலிசாக, நெருக்கமாக, எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். நானோமீட்டர் முளையை எந்தச் சம்மட்டியால் அடிப்பது?

அடிப்பது கம்பி இழுக்கிறவரும் உலைக்காரரும். எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எடையில் சுமார் 47 சதம் டைட்டானியம், மிச்சம் நையோபியம். இரண்டையும் உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். அதைத் தடியாக்கி, சுற்றிலும் மெல்லிய நையோபியத் தகடு போர்த்தி, செப்புக் குழாய்க்குள் செருகுகிறார்கள். இழுத்து அறுகோணக் கம்பியாக்கி, அப்படிப்பட்டவற்றை நூற்றுக்கணக்கில் அடுக்கி, மறுபடி செப்புக்குள் வைத்துப் பிதுக்கி, மறுபடி இழுப்பு. இடையிடையே, கம்பி ஒவ்வொரு கட்டம் மெலிந்ததும் உலையில் வைக்கிறார்கள். 375 முதல் 420 டிகிரி வரை, ஒவ்வொரு தடவையும் 40 முதல் 80 மணி நேரம். இந்த மாதிரி மூன்று தடவை, சில சமயம் அதற்கு மேலும்.

அந்தச் சூட்டில் கலப்புலோகத்துக்குள் கரைந்திருந்த டைட்டானியத்தில் ஒரு பகுதி தனியே பிரிந்து வருகிறது. கம்பி இழுத்ததில் உண்டான நுண்ணிய மணிகள், அதாவது கிரெய்ன்கள், மூன்று சேரும் மூலைகளில் போய்த் திரள்கிறது. ஆல்ஃபா டைட்டானியம் என்று பெயர். இந்தக் கலப்புலோகம் மீக்கடத்தும் வெப்பநிலையில் அது மீக்கடத்தாது. ஆக, முளைக்கான மரம் தயார். ஆனால் இப்போது ஒவ்வொரு துணுக்கும் 100, 200 நானோமீட்டர். இது முளையல்ல, தூண்! இந்த நிலையில் கம்பியை அளந்தால் மின்னோட்டம் சுமாராகத்தான் வரும்.

கடைசிக் கட்டம்தான் வித்தை. உலை வேலை முடிந்த கம்பியை இன்னும் இழுக்கிறார்கள், குறுக்களவு சுமார் 12 பங்கு குறையும் வரைக்கும். பரப்பில் பார்த்தால் 150 பங்கு. துணுக்குகளும் சேர்ந்து நசுங்கி, மடிந்து, ரிப்பன் ரிப்பனாகிவிடுகின்றன. தடிமன் ஒன்றிரண்டு நானோமீட்டர். அடுத்த ரிப்பனுக்கு இடைவெளி சில நானோமீட்டர். கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு மீக்கடத்தாத பொருள் உள்ளே கிடக்கிறது. அப்போதுதான் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகிறது. இன்னும் இழுத்தால்? இறங்க ஆரம்பிக்கும். முளை சவ்வாகிப் பிடிப்பு விட்டுவிடும். எந்த அச்சோடு நிறுத்த வேண்டும் என்பதில்தான் கைத்திறன்.

அந்த நையோபியத் தகடு எதற்குப் போர்த்தினார்கள் தெரியுமா? உலைச் சூட்டில் டைட்டானியமும் செம்பும் கலந்து, எல்லையில் கல்லு மாதிரி கட்டி கட்டியாகிவிடும். அப்புறம் இழுத்தால் இழை ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் இழுபட்டு, கடைசியில் அறுந்துபோகும். தகடு நடுவில் நின்று தடுக்கிறது. முதலில் இது இல்லாமல்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

1983இல் அமெரிக்காவில் டெவட்ரான் என்ற துகள் முடுக்கி ஓட ஆரம்பித்தது. அதன் காந்தங்களுக்குக் கேட்ட கம்பி, 5 டெஸ்லாவில், 4.2 கெல்வினில் சதுர மில்லிமீட்டருக்கு 1800 ஆம்பியர். சில வருஷத்தில் டெக்சாசில் கட்டப் போன பெரிய முடுக்கிக்கு 2750 ஆம்பியர் கேட்டார்கள், கிடைத்தது. (முடுக்கியைத்தான் 1993இல் பணமில்லை என்று கைவிட்டுவிட்டார்கள். கம்பி பிழைத்துக்கொண்டது.) நடுவில் என்ன மாறியது? கலவை ஏறக்குறைய அதேதான். மீக்கடத்தி ஆகும் வெப்பநிலை அதே 9 கெல்வின் சொச்சம். புது இயற்பியல் எதுவும் வரவில்லை. சீனாவில் பாவோஜி என்ற ஊரின் உலோக ஆய்வு நிலையத்தார் 1983இல் பல தடவை சூடாக்கி இழுத்த கம்பியின் அளவைக் காட்டி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் லார்பலெஸ்டியர், பீட்டர் லீ முதலானவர்கள் கம்பியை வெட்டி எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து முளைகளை எண்ணினார்கள், அளந்தார்கள். வார்ப்புக் கட்டியில் டைட்டானியம் எங்கும் ஒரே அளவில் இல்லை என்பதைக் காட்டினார்கள். கம்பெனிக்காரர்கள் உருக்கும் முறையைத் திருத்தினார்கள். அவ்வளவுதான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் 2008இல் ஓடத் தொடங்கிய எல்.எச்.சி. முடுக்கியின் 1232 வளைவுக் காந்தங்களும் நிற்பது இந்தக் கம்பியில்தான். மொத்தம் 1200 டன் அளவுக்கு மீக்கடத்திக் கேபிள்.

'கலவை அதே, வெப்பநிலை அதே, மின்னோட்டம் மட்டும் ஒன்றரைப் பங்கு' என்பதைக் கொஞ்சம் மனசில் போட்டு வையுங்கள். இதைச் சாதித்தது உலை, அச்சு, மைக்ராஸ்கோப் மூன்றும்தான்.

இன்னொரு பொருள் நையோபியம்–3–டின். 1961இல் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லர் குழுவினர் இதில் 8.8 டெஸ்லாவிலும் பெரிய மின்னோட்டம் ஓடுவதைக் காட்டியபோதுதான் ஆன்னஸின் பழைய ஆசைக்கு உயிர் வந்தது. இது பீங்கான் போல நொறுங்கும். அதனால் கம்பியை முதலில் சுருட்டிக் காயிலாக்கிவிட்டு, அப்புறம் 650, 700 டிகிரியில் நாள்கணக்கில் வைத்து உள்ளேயே விளைவிக்கிறார்கள். இதில் தனித் துணுக்கு முளை கிடையாது. மணிகளுக்கு இடையிலான எல்லைகளே முளை. மணி சின்னதாக இருந்தால் எல்லை அதிகம், முளை அதிகம். ஊத்துக்குளி நெய்யை உருக்கி மெதுவாக ஆற விட்டால் மணல் மணலாகப் பெரிசு பெரிசாய் உறையும், சட்டென்று குளிர வைத்தால் நைசாக உறையும், பார்த்திருப்பீர்கள். நெய்க்குப் பெரிய மணல் அழகு. இந்தக் கம்பிக்கு 100, 200 நானோமீட்டருக்கு மேல் மணி வளர்ந்தால் நஷ்டம். சூட்டைக் குறைத்தால் தகரம் முழுசாகப் போய்ச் சேராது. கூட்டினால் மணி வளர்ந்துவிடும். இந்த இழுபறிக்குள் நேரத்தையும் சூட்டையும் முடிவு பண்ண வேண்டும்.

அப்படியானால் மணி எல்லை எல்லாம் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1987இல் யிட்ரியம்–பேரியம்–காப்பர் ஆக்சைடு 93 கெல்வினில் மீக்கடத்தி ஆனது. திரவ நைட்ரஜன் போதும், ஹீலியம் வேண்டாம்! அன்றைக்கும் இந்த எல்.கே.-99 மாதிரிதான் உலகமே ஆடியது. ஆனால் அது நிஜம். நிஜமாக இருந்தும் என்ன ஆயிற்று? அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது, பக்கத்துப் பக்கத்து மணிகள் சில டிகிரி கோணம் திரும்பி நின்றாலே எல்லையைத் தாண்டி மின்னோட்டம் போக மறுக்கிறது என்று. அங்கே முளையாக இருந்த எல்லை இங்கே சுவராகிவிட்டது. சுவர் இல்லாமல் செய்ய, உலோகப் பட்டையின் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் கனத்துக்கு, கிலோமீட்டர் நீளத்துக்கு, எல்லா மணியும் ஒரே திசை பார்க்கிற மாதிரி பூசக் கற்றுக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

பூசினால் மட்டும் போதாது. 77 கெல்வின் என்பது பாய நூலுக்கு வெயில் காலம். சூட்டில் தானாகவே துள்ளும், தும்பை அறுக்கும். அதற்கு இன்னும் பலமான முளை வேண்டும். 2004இல் லாஸ் அலாமாசில் ஒரு வழி கண்டார்கள்: பூசும்போதே பேரியம் சிர்க்கோனேட் கொஞ்சம் சேர்த்தால், அது படலத்துக்குள் 5, 10 நானோமீட்டர் தடிமனில் மூங்கில் மாதிரி நெட்டுக்குத்தலாக வளர்ந்து நிற்கிறது. நூல் முழு நீளத்துக்கும் பிடி. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யும் ஒரு கம்பெனியும் சேர்ந்து அணு இணைவுக்காக 20 டெஸ்லா காந்தத்தை ஓட்டிக் காட்டின; அதில் சுற்றியிருந்தது இந்த வகைப் பட்டை. 1987-க்கும் 2021-க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். 'எத்தனை டிகிரி' என்ற கேள்விக்கு முதல் நாளே விடை இருந்தது.

வெப்பநிலை முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஹீலியம் வாங்கும் ஆஸ்பத்திரிக்காரரைக் கேட்டால் அழுவார். அப்ரிகோசவ் மாதிரி ஆட்கள் நூலின் கணக்கைச் சொல்லியிருக்காவிட்டால், எந்த அளவு முளை வேண்டும் என்று எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பேப்பர்காரர்களும் நம்ம பாடப் புத்தகங்களும் கதையின் அந்தப் பாதியை மட்டுமே சொல்கிறார்கள். மறுபாதியைச் செய்தவர்கள் பெயர்கூட வருவதில்லை.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் நையோபியம்–டைட்டானியம் பல இழைக் கம்பியைத் தாங்களே செய்திருக்கிறார்கள். நையோபியம் ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் தயாராகிறது. கல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தின் மீக்கடத்திக் காந்தம் 2005இல் முதல்முதலாக உயிர் பெற்றது. குஜராத்தில் எஸ்.எஸ்.டி.-1 என்ற இணைவுக் கருவி மீக்கடத்திக் காந்தங்களோடு 2013 ஜூனில் முதல் பிளாஸ்மாவைக் காட்டியது. கல்பாக்கத்தில் மீக்கடத்திக் கருவியால் மூளையின் காந்தத் துடிப்பையே அளக்கிறார்கள். டைட்டானியத்தின் தாது கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது; கேரளத்து சவறாவில் 2011 முதல் டைட்டானியப் பஞ்சு எடுக்கும் ஆலையும் உண்டு. மண்ணு நம்மது, உலோகம் நம்மது, அறிவும் இருக்கிறது. அப்படியும் நாட்டில் ஓடுகிற எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலானவை இறக்குமதி. காந்தம் வெளிநாடு, அதன் கம்பி வெளிநாடு. அந்தக் காந்தத்தின் சிறப்பு தெரியுமில்லையா? ஒரு தடவை மின்னோட்டத்தை ஏற்றி முனைகளை இணைத்துவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் கரண்ட் போனாலும் காந்தம் போகாது. புலம் ஒரு மணி நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது என்பது கணக்கு. அப்படி நிற்க வைப்பது முளை. அந்த முளை அடிக்கத் தெரிந்த கை நம்மிடம் நாலைந்து ஆய்வகத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அதுக்கு நாம என்ன பண்றது? நாம போய் மில்லுலயோ பம்பு கம்பெனியிலயோதானே நிக்கப் போறோம்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆராய்ச்சிக் கூடங்களில் உலைப் பக்கம் நிற்பவர்கள் யார்? இழுப்பு பெஞ்சில் அச்சு மாற்றுவது யார்? டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் முடித்து டெக்னீஷியனாகச் சேர்ந்தவர்கள் அங்கே நிறைய. அதை விட்டாலும், பம்பு கம்பெனியில் ஷாஃப்ட் ஏன் முறிந்தது, வைண்டிங் ஒயர் ஏன் வளைக்கும்போது விரிகிறது, எண்ணெய்ச் செக்கின் திருகு ஏன் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை — இது எல்லாமே மணி, எல்லை, துணுக்கு விவகாரம்தானே? மீக்கடத்திக் கம்பியில் அது 22 நானோமீட்டர் இடைவெளியில் நடக்கிறது, இங்கே மைக்ரானில் நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு இது புதுசும் இல்லை. காங்கேயத்துக்கு அதிக தூரமில்லாத நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்தன. அந்த உலைக்காரர் மைக்ராஸ்கோப் பார்த்ததில்லை. நிறத்தையும் நேரத்தையும் பார்த்தார். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப் இருந்தும் பார்க்காத நம்மைச் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

மெட்டலோகிராஃபி லேப் பல பாலிடெக்னிக்குகளில் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டு வரும். பெர்லைட்டை வரிவரியாக, ஃபெரைட்டை வெள்ளையாக, பென்சிலில் நிழல் போட்டு அழகாக வரைவோம். வைவாவில் "இது என்ன?" என்றால் "பெர்லைட் சார்." அது எந்தத் துண்டிலிருந்து, எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வைத்ததிலிருந்து வந்தது என்று கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. பாலீஷ் போட்டால் கை அழுக்காகும், உலைக்கு முன்னால் காத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணோ ரெக்கார்டுக்கு. ஒரு டிகிரி படிப்பு வாங்கினால்தான் மரியாதை என்று நம்ம வீட்டிலேயே நினைக்கிறார்கள். சூட்டையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்கிற வேலையை யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. கம்பியை 1800-லிருந்து 2750-க்குக் கொண்டுபோனது அந்தப் பொறுமைதான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷ எக்ஸிபிஷனுக்குத் தெர்மகோல் ராக்கெட் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். மீக்கடத்தி நம்மால் ஆகாது. செப்புக் கம்பி ஆகும். வைண்டிங் கடையில் தடித்த வெறும் செப்புக் கம்பி ஒரு மீட்டர் வாங்கி, லேத்தில் ஒரு அச்சுக் கட்டை கடைந்து, மூன்று நான்கு தடவை இழுங்கள். மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றை 300 டிகிரியில் அரை மணி, ஒன்றை 600 டிகிரியில் இரண்டு மணி வையுங்கள். எமரி தாளில் தேய்த்து, துணியில் மெருகேற்றி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் சில விநாடி நனைத்துக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். முதல் துண்டில் மணிகள் இழுத்த திசையில் நீண்டு கிடக்கும். இரண்டாவதில் புதுசாய்ப் பிறந்த சின்ன மணிகள். மூன்றாவதில் பெரிசு பெரிசாய், ஊத்துக்குளி நெய் மாதிரி. அப்புறம் மூன்று துண்டையும் கையால் வளைத்துப் பார்த்து, எது எப்படி வளைகிறது என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், சூட்டோடும் நேரத்தோடும். கரைசலைத் தொடும்போது கையுறை போட மறக்காதீர்கள். கறை ஒரு வாரத்துக்குப் போகாது.